நிகழ்தகவு பூச்சியமான இடம்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். திரையில் ஒரு மாதிரியுருவைத் திறந்ததும், அது முழுதாகத் தோன்றி முடிவதற்குள், உங்கள் கை சுட்டியைப் பிடித்து அதைச் சற்றே திருப்பிவிடுகிறது. இடப்பக்கம் கொஞ்சம், மேலிருந்து கொஞ்சம். யாரும் இதை உங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்யாணப் படமெடுப்பவர் மணப்பெண்ணின் தாடையை இரண்டு விரலால் நகர்த்துவதைப் போல நீங்களாகவே நகர்த்துகிறீர்கள். உருவம் உடனே அழகாகிவிடுகிறது. உங்கள் முகத்திலும் ஒரு நிறைவு தெரிகிறது. ஓய்வு பெற்றவள் என்ற சலுகையில் அலுவலகத்துக்கு எப்போதாவது வந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, இதை நான் பலமுறை ரசித்திருக்கிறேன்.

அந்தச் சிறு திருப்பலால் ஒருமுறை மூன்று பேரின் வேலை போகப் பார்த்தது. அந்த மூவரில் ஒருவருக்கு வேலையோடு சேர்த்து நாடும் போயிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவுரை என்று எண்ணிப் பயந்துவிட வேண்டாம். கணிதம் படித்தவர்களைக் கேலி செய்ய எனக்குக் கிடைத்திருக்கும் நல்ல சந்தர்ப்பம் இது, அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் அலுவலகம் அப்போது கியூபெக்கின் புவாண்ட்-கிளேரில், ஒரு கடைத்தொகுதிக்கும் தளபாடக் கிடங்குக்கும் நடுவிலிருந்த தாழ்ந்த கட்டடத்தில் இருந்தது. நான் செயின்ட்-மிஷேலிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வருவேன். பனிக்காலத்தில் அந்தப் பயணத்துக்குள் தடித்த நாவல் ஒன்றை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். அந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த அம்சங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் பகுதியில் மூன்று பேர். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் படித்தவர். அவரை அண்ணை என்றே அழைத்தோம். அவருடைய பெயர் என் காதில் விழுந்ததெல்லாம், வரவேற்பு மேசையிலிருந்த பெண் அதை உச்சரிக்க முயன்று பாதி வழியில் கைவிட்ட வேளைகளில் மட்டுமே. இரண்டாமவர் வெங்கட். சென்னையிலிருந்து மாணவராக வந்து, டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கணித வடிவியலில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். மூன்றாமவள் நான், சில காலம் கணிதம் கற்பித்துவிட்டு நடுவயதில் நிரல் எழுத வந்தவள். வெங்கட் முதல் வாரம் என்னை மேடம் என்றார், இரண்டாம் வாரம் அக்கா என்றார், மூன்றாம் வாரத்திலிருந்து என் பிட்டையும் சம்பலையும் உரிமையோடு பங்கு கேட்டார்.

ஊருக்கு ஊர் மாறும் கணிதச் சொற்களைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஓயாத ஒரு தகராறு இருந்தது. நான் வளையி என்பதை அவர் வளைவரை என்பார். நான் தொடலி என்றால் அவர் தொடுகோடு என்பார். அண்ணை வந்து, "ரெண்டு பேரும் இங்கிலிசில கதையுங்கோ, எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தக் கட்டுரையில் பேனா என் கையில் இருப்பதால் வளையிதான்.

நாங்கள் எழுதிய நிரலின் வேலை எளிமையானது போலத் தோன்றும். வளைத்த இரும்புக் குழாய்களால் ஆன ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அதைத் தாளில் சரியான படமாக வரைய வேண்டும். படத்தில் இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று கடப்பதாகத் தெரிந்தால் எது முன்னால், எது பின்னால் என்று காட்ட வேண்டும். பட்டறையில் அந்த இடங்களைப் பார்த்துத்தான், குழாய்கள் உரசிச் சத்தம் போடாமல் இருக்க, ரப்பர் வளையம் மாட்டுவார்கள்.

குழாயின் நடுக்கோடு எங்கள் நிரலுக்குள் மூன்றாம் படி வளையிகளின் தொடர்ச்சியாக இருக்கும். அப்படி ஒரு வளையியை முப்பரிமாண வெளியிலிருந்து எடுத்துத் தளத்தின் மீது வீழ்த்தினால், அதன் நிழலில் வழுப்புள்ளி ஒன்று எங்காவது இருந்தே தீரும். வழுப்புள்ளி என்றால், இந்தப் பக்கம் போகிறேன் என்று கோடு ஒரே திசையைச் சொல்ல முடியாத இடம். அது குழாயின் நீளத்துக்கு வெளியே விழுந்து கண்ணில் படாமல் போகலாம். முடிவிலியில் ஒளிந்திருக்கலாம். கற்பனை எண்களுக்குள் புகுந்துகொள்ளலாம். இல்லாமல் மட்டும் இருக்காது. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மாமா இருப்பதைப் போல. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் தெரிவார் அல்லது தெரியமாட்டார்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் ஒரு கணுவாக இருக்கும்: கோடு தன்னைத்தானே கடந்து, இரண்டு கிளைகளும் இரண்டு தெளிவான திசைகளில் போகும். நிரலுக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டு கிளைகளில் எது நமக்கு அருகில் என்று கேட்டால் போதும். ஆனால், நாம் பார்க்கும் திசையும் குழாய் அந்த இடத்தில் போகும் திசையும் ஒன்றாகிவிட்டால், அதாவது நாம் ஒரு தொடலியின் வழியாகவே பார்த்தால், கணு இருக்காது. கோடு ஓடி வந்து, நின்று, வந்த பக்கமே திரும்பிப் போகும் கூர்முனை ஒன்று இருக்கும். அங்கே இரண்டு கிளைகள் இல்லை. திசையும் இல்லை, நிரல் திசையைக் கேட்டால் பூச்சியம் என்ற பதில் வரும். பூச்சியத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் வெங்கட்டுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பார்க்கக்கூடிய எல்லாத் திசைகளையும் ஒரு கோளமாக எண்ணிக்கொண்டால், கெட்ட திசைகள் அதன்மேல் வெறும் கோடுகளாகத்தான் இருக்கும் என்று அவர் நிறுவியிருந்தார். கோட்டுக்குப் பரப்பளவு கிடையாது. ஆகவே பொதுவான ஒரு திசையிலிருந்து பார்ப்பவருக்குக் கூர்முனை தென்பட வாய்ப்பே இல்லை. நிறுவல் பிழையற்றது, நான் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன், அழகாகவும் இருந்தது. கணினியிடம் கொடுத்து, எந்த ஒழுங்குமின்றி எழுந்தமானமாகத் தேர்ந்த ஆயிரக்கணக்கான திசைகளிலிருந்து வரையச் சொன்னார். ஒன்றில்கூடப் பிழை வரவில்லை. வெங்கட் பெருமையோடு பின்னால் சாய்ந்தபோது நாற்காலிதான் கிறீச்சிட்டது.

அந்த வாரத்தில் அண்ணை எங்களை அழைத்து விடயத்தைச் சொன்னார். பள்ளிப் பஸ்களுக்கு இருக்கைச் சட்டம் செய்யும் நிறுவனம் ஒன்று நிரலைப் பார்க்க வருகிறது. "மேல ஆக்கள் தெளிவாச் சொல்லிப்போட்டினம். இவையள் வாங்கினால் எங்கட பகுதி இருக்கும். இல்லையெண்டால் மாத முடிவோட மூடுவினம்."

எனக்கு அதனால் பெரிய அழிவு இல்லை. மறுபடி கற்பிக்கப் போயிருப்பேன். அண்ணைக்கும் வேறு இடம் கிடைத்திருக்கும். வெங்கட்டின் கதை அப்படியல்ல. அவருடைய வேலை அனுமதியில் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தது. வேலை போனால் அனுமதியும் போகும். அவர் மனைவி அந்த மாதம்தான் சென்னையிலிருந்து வந்து பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருந்தார். "இறந்தகாலம் வரைக்கும் வந்துட்டாக்கா. எதிர்காலம் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள அனுப்பிடுவாங்க போல" என்று வெங்கட் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

வாடிக்கையாளர் வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில் ஒத்திகை வைத்தோம். அண்ணை வாடிக்கையாளர் வேடம் போட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைத் தட்டி, "போன்ஜூர்" என்று தலைகுனிந்து உள்ளே வந்தார். வெங்கட் இருக்கைச் சட்டத்தைத் திறந்தார். திறந்த கையோடு சற்றே திருப்பினார். வழக்கம்போல மிக அழகாக இருந்தது.

"மெர்சி, மெர்சி. வடிவாத்தான் இருக்கு" என்றார் அண்ணை. "இப்ப நேர முன்னுக்கு நிண்டு பாப்பம்." கை நீட்டி, 'முன்பக்கம்' என்ற பொத்தானை அழுத்தினார்.

திரை வெண்மையாயிற்று. இருக்கை இல்லை.

அண்ணை குனிந்து திரையின் பின்புறத்தையும் பார்த்தார். "எங்கை தம்பி சீற்? பஸ் வெளிக்கிட்டிட்டுதோ?"

வெங்கட்டின் முகம் சிவந்தது. "அண்ணை, அது வந்து… அந்த டைரக்‌ஷன்ல யாரும் பாக்கவே மாட்டாங்க. ப்ரூவ் பண்ணிருக்கேன். ப்ராபபிலிட்டி ஸீரோ."

"அப்பிடியோ" என்றார் அண்ணை, மிக மரியாதையாக. "ஆனா நான் நிண்டிட்டனே, தம்பி."

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது, சிரிப்பதற்கு அதில் அதிகம் இல்லை என்று. ஒரு குழாய், அதைப் பொருத்தியிருக்கும் தகட்டிலிருந்து புறப்படும்போது எப்படிப் புறப்படுகிறது? செங்குத்தாக. உலகத்தில் எந்தப் பொறியியலாளரும் குழாயைத் தகட்டில் எழுந்தமானமான கோணத்தில் பொருத்துவதில்லை. முன்னால் இருக்கும் தகட்டுக்குச் செங்குத்து எந்தத் திசை? முன்பக்கம். மேலே? மேல்பக்கம். ஆக, முன், மேல், பக்கம் என்று மனிதர்கள் வழக்கமாகப் பார்க்கும் மூன்று திசைகளும் வெங்கட்டின் கோளத்தில் அந்தப் பரப்பளவற்ற கோடுகளின் மேலேயே குந்தியிருந்தன. கணிதத்தில் வரவே வராத இடம், பட்டறையில் எல்லோரும் காலையில் முதலில் வந்து நிற்கும் இடம்.

இந்தத் தவறைச் செய்ய ஒருவர் நிறையப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர் முதல் நாளே பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார்.

நெருக்கடி வந்தால் அண்ணைக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. யார் பிழை என்று அவர் கேட்டு நான் அறியேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு அன்றும் அதையே கேட்டார்: "சரி. நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம்?"

வெங்கட்டிடம் உடனடியாக ஒரு பதில் இருந்தது. யாராவது முன்பக்கம் கேட்டால், நிரல் அவருக்குத் தெரியாமல் திசையை மயிரிழை அளவு சாய்த்துவிட வேண்டும். சாய்த்ததும் அது பொதுவான திசையாகிவிடும், நிறுவலும் செல்லுபடியாகும். "சின்ன எப்சிலன் அண்ணை. கண்ணுக்கே தெரியாது."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் செய்து பார்ப்போம் என்றேன்.

அடுத்த நாள் காலை வெங்கட் சாய்வைப் போட்டார். முன்பக்கம் அழுத்தினோம். இருக்கை வந்தது. அவர் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். நான் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிப் பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். கூர்முனை இருந்திருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய ஒரு கண்ணி தெரிந்தது. கோடு தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக் கடந்திருந்தது. நிரல் தன் கடமையை மறக்காமல் அதைக் கணு என்று அறிவித்து, எது முன், எது பின் என்றும் வரைந்து, பட்டறைக்கு ரப்பர் வளையம் ஒன்றும் ஒதுக்கியிருந்தது.

"அந்தப் பக்கம் சாய்ச்சா லூப் வராதுக்கா. ரவுண்டாயிடும்" என்றார் வெங்கட்.

சாய்த்தார். அந்தக் குழாயில் கண்ணி மறைந்தது. பக்கத்துக் குழாயில் புதிதாக ஒன்று முளைத்தது. ஒரு குழாய்க்கு நல்ல பக்கம் அடுத்த குழாய்க்குக் கெட்ட பக்கமாக இருந்தது.

அவருக்கு இது தெரியாததல்ல என்பதை அவர் முகத்தில் கண்டேன். எனினும் கண்ணால் பார்ப்பது வேறு. அலமாரிக்குப் போய், கோட்டு மாட்டும் கம்பி மாட்டி ஒன்றை எடுத்து, அதை நிமிர்த்தி, ஒரு குழாயைப் போல வளைத்து, மேசை விளக்கின் முன்னால் பிடித்தேன். சுவரில் நிழல் விழுந்தது. மெல்லத் திருப்பினேன். கண்ணி சுருங்கிச் சுருங்கி ஒரு கூர்முனையாயிற்று; இன்னும் திருப்பினேன், கூர்முனை மழுங்கிச் சாதாரண வளைவாயிற்று. திரும்ப இந்தப் பக்கம். கண்ணி, கூர், வளைவு. இருவரும் அதில் ஆழ்ந்திருக்கையில் அண்ணை மதிய உணவு வாங்க வெளிக்கிட்டார்.

"என்ரை கோட்டு ஏன் நிலத்தில கிடக்கு?"

நாங்கள் சுவரைக் காட்டினோம். அவரும் வந்து பார்த்தார். "இது என்ன, ரெண்டு பேரும் வேலையை விட்டிட்டுப் படம் காட்டப் போறியளோ? நல்ல யோசனைதான். மாத முடிவில தேவைப்படும்." கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் என் எண்ணத்தைச் சொன்னேன். சாய்க்கக் கூடாது. நிரல் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே எதையும் வரையாமல், சிறிய இடைவெளி விட்டு, 'குழாய் இங்கே உங்களை நோக்கி வருகிறது. முன் பின் சொல்ல இயலாது' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். கண்டுபிடிப்பதற்கான கணக்கு முழுவதும் வெங்கட்டின் நிறுவலிலேயே இருந்தது. நடக்காது என்று காட்டுவதற்காக அவர் எழுதி ஒதுக்கிய பக்கங்களில்.

"டெமோல ஓட்டை காட்டச் சொல்றீங்களா?"

"ஓட்டை இருக்கிற இடத்தில ஓட்டையைக் காட்டச் சொல்லுறன். அவை இதைப் பாத்துத்தான் ரப்பர் போடுவினம், வெங்கட். இல்லாத இடத்தில ஒண்டைப் போட்டால் பரவாயில்லை. நாளைக்கு இருக்கிற இடத்தை விட்டால்?"

அவர் சுட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "உங்களுக்கு பாஸ்போர்ட் இருக்குக்கா."

அது உண்மை. உண்மையான ஒன்றோடு வாதிடக் கூடாது என்று அந்த இடத்தில் கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். நேர்மையாக இருப்பதன் செலவு எல்லோருக்கும் ஒரே அளவாக வருவதில்லை. எனக்கு அது ஒரு கருத்து. அவருக்கு அது வீடு. பொதுவான ஒரு மனிதரை மனத்தில் வைத்து நான் பேசிக்கொண்டிருந்தேன். என் முன்னால் இருந்தவரோ தொடலியின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன். "அப்ப நீங்களே முடிவெடுங்கோ. ரெண்டையும் செய்து வைப்பம். சாய்ச்சது ஒண்டு, சாய்க்காதது ஒண்டு. எதைத் திறந்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

மாலைக்குள் இரண்டும் தயாராயின. அண்ணையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, எது சரியென்று தன் கருத்தைச் சொல்லவில்லை. "எதைத் திறந்தாலும், அண்ணை சொல்லித்தான் செய்தது எண்டு சொல்லுங்கோ" என்றார். "மேலை கதைக்கிறது என்ரை வேலை. அதுக்குத்தானே உங்களைவிடக் கொஞ்சம் கூடத் தாறாங்கள்."

வாடிக்கையாளரின் தலைமைப் பொறியாளர் காலையில் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு கியூபெக் பெண். பனிச்சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, பையிலிருந்து வேறு சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் எங்களுக்குக் கைகொடுத்தார். எங்கள் மேலதிகாரிகள் இருவரும் சுவரோரம் நின்றார்கள். சுட்டி வெங்கட்டின் கையில் இருந்தது. திரையில் இரண்டு படவுருக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எது எது என்று எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

வெங்கட் முதலில் இரண்டுக்கும் பொதுவான இருக்கை மாதிரியைத் திறந்து, பழக்கத்தில் சற்றே திருப்பினார்.

"மிக அழகு" என்றார் அந்த அம்மையார் பிரெஞ்சில். உடனேயே, சலிப்போடு என்று சொல்ல முடியாது, பல்மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும் தொனியில், "முன்பக்கம் காட்டுங்கள்" என்றார்.

வெங்கட்டின் கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் என் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தால் என் முகம் ஏதாவது சொல்லிவிடும் என்ற பயம். சுட்டி இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. சொடுக்குச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன்.

இருக்கை நேராக நின்றது. நான்கு இடங்களில் கோடு அறுந்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு வரி இருந்தது.

மேலதிகாரிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அண்ணை அவர் பக்கம் திரும்பி, மிக நிதானமாக, அது தன் தீர்மானம் என்றார். அம்மையார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார்.

"இங்கே ஏன் ஒன்றும் இல்லை?"

வெங்கட் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "குழாய் அந்த இடத்தில் உங்களை நேராகப் பார்க்கிறது. அங்கே எது முன்னால், எது பின்னால் என்று கேட்பதில் பொருள் இல்லை. என்ன வரைவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே வரையவில்லை."

அம்மையார் திரையை விட்டுப் போய், எங்கள் வெண்பலகையில் ஒரு சிறு வட்டம் போட்டு, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

"நாங்கள் இதைப் போடுவோம். குழாய் நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். கையால் வரைந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பொறியியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள்." பேனாவை மூடினார். "போன மாதம் வந்தவர்களின் நிரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த இடத்திலும் ஏதோ வரைந்திருந்தது. அது என்னவென்று எங்கள் பட்டறை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது."

அண்ணை வெண்பலகையைப் பார்த்தார். அந்த வட்டத்தையும் புள்ளியையும் பொறியியல் படித்த காலத்தில் அவரும் வரைந்திருப்பார். பின்னாட்களில் இதைச் சொல்லி அவரைச் சீண்டாமல் வெங்கட் ஒரு மதியச் சாப்பாட்டையும் விட்டுவைத்ததில்லை.

அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று நீங்கள் எண்ணக் கூடாது. உண்மையான வாடிக்கையாளர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்தக் குறியைப் போட்டுக்கொண்டு மறுபடி காட்டச் சொன்னார். மேலதிகாரிகள் மூடுவதை அதுவரை தள்ளிவைத்தார்கள். வெங்கட் அன்று மதியமே எழுத உட்கார்ந்தார். பார்க்கும் திசைக்கும் தொடலிக்கும் இடையிலுள்ள கோணத்தை அவருடைய நிரல் ஏற்கெனவே கணித்துத்தான் வந்தது. பூச்சியம் வந்தால் இடைவெளி விடுவதற்குப் பதிலாக வட்டமும் புள்ளியும் போடச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே. இரண்டாம் முறை காட்டிய பிறகு வாங்கினார்கள். எங்கள் பகுதி நிலைத்தது. வெங்கட்டின் மனைவி எதிர்காலத்தையும் கற்று முடித்தார். அவர்களுடைய மகள் இப்போது என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவேன் என்று அடம்பிடிக்கிறாள்.

நீங்கள் இன்று பயன்படுத்தும் நிரலில், சோதனைகள் ஏன் முன், மேல், பக்கம் என்ற மூன்று திசைகளிலும் தொடங்கி, அதற்குப் பிறகே எழுந்தமானத்துக்குப் போகின்றன என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். இதுதான் காரணம். பொதுவான இடத்திலிருந்து பார்த்து நிறுவுவது நல்லது. நானும் அதை நேசிக்கிறேன். ஆனால் அந்த நிரலை வாங்கும் மனிதர் ஒருபோதும் பொதுவான இடத்தில் நிற்பதில்லை. மாதிரியைத் திறந்ததும் திருப்பாதீர்கள். ஒரேயொரு முறை, அழகில்லாவிட்டாலும், நேராகப் பாருங்கள். பிறகு உங்கள் ஆசைக்குத் திருப்பலாம். நான் பின்னால் நின்று ரசிக்கிறேன்.

அம்மையார் முதன்முறை வந்துபோன நாள் மாலை வெங்கட்டும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். டெப்பனர் என்ற மூலைக்கடையில் வாங்கிய காப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தேன். அந்தப் படவுருவை ஏன் திறந்தார் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை.

பாதி வழியில் அவராகப் பேசினார். "அக்கா, ஒண்ணு சொல்லுங்க. நான் மெட்ராஸ்ல பொறந்து, நீங்க யாழ்ப்பாணத்துல பொறந்து, இந்தப் பனியில, பஸ் சீட்டு கம்பியைப் பாத்துக்கிட்டு ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம். இதுக்கு ப்ராபபிலிட்டி என்ன இருக்கும்?"

நான் புத்தகத்தை மூடினேன். முன் இருக்கையின் பின்புறத்தில் குழாய் ஒன்று வளைந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"பூச்சியம்தான்" என்றேன். "ஆனா நிக்கிறமே."